தொழுநோய்க்குத் தடுப்பூசி உண்டா?

உடல்நலப் பகுதி

இத்திங்கள் வந்த கடிதங்களுள் ஒன்றுக்கு இப்பகுதி முழுவதையும் ஒதுக்குவது என்று முடிவு செய்தேன். எழுதியவர் நம் சங்க உறுப்பினர் குடும்பத்துப் பெண்மணி. பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தின் சாரம் இது:

“எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கவும் வீடு துடைக்கவும் ஒரு மராத்திய அம்மாள் எட்டு ஆண்டுகளாக வருகிறார். என் குழந்தைகள் இருவரையும் இடுப்பில் வைத்து வளர்த்தவர். சென்ற மாதம் அவருடைய முழங்கைக்கு மேலே தேமல் போன்று வெளிறிய ஒரு படையைக் கண்டேன். நானேதான் முனிசிபல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். தொழுநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அவர் ஒளிக்காமல் என்னிடம் வந்து சொன்னார். செய்தி எப்படியோ கட்டடம் முழுவதும் பரவிவிட்டது. அவரை நிறுத்திவிட வேண்டும், லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சொசைட்டியில் சொல்கிறார்கள். என் மாமியாரும் அஞ்சுகிறார். குழந்தைகளுக்கு இந்நோய் வாராமல் தடுக்க ஊசி ஏதேனும் உண்டா? அந்த அம்மாளை நிறுத்தத்தான் வேண்டுமா?”

சகோதரி கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள். ஒன்று தடுப்பூசியைப் பற்றியது. மற்றொன்று ஓர் ஏழைப் பெண்ணின் பிழைப்பைப் பற்றியது. இவ்விரண்டும் வெவ்வேறானவை போலத் தோன்றினும், இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் கிடைத்தது. ஆராய்ச்சிக்கூடத்துச் சுண்டெலியின் பின்னங்கால் பாதமே அவ்விடம். அது எவ்வாறு என்பதை முறையாகக் காண்போம்.

வளர மறுத்த கிருமி

நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஹான்சன் என்னும் மருத்துவர் 1873-ஆம் ஆண்டில் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். தொழுநோய் முன்வினைப் பயனுமன்று, பரம்பரைச் சொத்துமன்று. ஒரு கிருமியால் வருவது என்பது அன்றே வெளிப்பட்டது. பின்னர் 1882-இல் ஜெர்மானிய அறிஞர் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். இவ்விரு கிருமிகளும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. மைக்கோபாக்டீரியம் என்பது அக்குலத்தின் பெயர். மெழுகு போன்ற தடித்த மேலுறை உடையவை. மிக மெதுவாகப் பெருகுபவை. நம் குடலில் வாழும் சாதாரணக் கிருமி ஒன்று தக்க உணவு கிடைத்தால் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். தொழுநோய்க் கிருமி ஒன்று இரண்டாவதற்கு 12 முதல் 14 நாட்கள் வேண்டும். உடலுள் புகுந்து நோய்க்குறி தோன்றுவதற்குச் சராசரி 5 ஆண்டுகள் ஆகின்றன. 20 ஆண்டுகள் கழித்துத் தோன்றுவதும் உண்டு.

காசநோய்க் கிருமியை ஆராய்ச்சிக்கூடத்துக் குடுவையில் வளர்த்துவிட்டார்கள். தொழுநோய்க் கிருமியோ எந்தக் குடுவையிலும், எந்த உணவிலும் வளர மறுத்தது. இன்றளவும் மறுத்தே வருகிறது. வளர்க்க முடியாத கிருமிக்கு மருந்து எவ்வாறு தேடுவது? தடுப்பூசி எவ்வாறு செய்வது?

இந்த இடர்ப்பாடு ஹான்சனையே தவறிழைக்கச் செய்தது. முயல்களிடம் நோயை உண்டாக்க முயன்று தோற்ற அவர், 1879-இல் தம் மருத்துவமனையில் இருந்த ஒரு பெண் நோயாளியின் கண்ணில், அவருடைய இசைவைப் பெறாமலே, மற்றொரு நோயாளியின் புண்ணிலிருந்து எடுத்த பொருளைச் செலுத்தினார். அப்பெண்மணி முறையிட்டார். 1880-இல் நீதிமன்றம் ஹான்சனை அம்மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கியது. கிருமியைக் கண்ட பெருமகனாயினும், மனிதரைப் பரிசோதனைப் பொருளாக்க உரிமை இல்லை என்று அத்தீர்ப்பு உரைத்தது. ஆகவே, இக்கிருமியை ஏற்று வளர்க்கும் ஒரு விலங்கைத் தேடுவதே வழியாயிற்று. அத்தேடல் மேலும் 80 ஆண்டுகள் நீடித்தது.

சுண்டெலியின் பாதம்

தொழுநோய் மனித உடலில் எங்கெங்கே தோன்றுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். காது மடல், மூக்கு, கை, கால் ஆகிய குளிர்ந்த உறுப்புகளையே அது நாடுகிறது. அப்படியானால் விலங்கின் உடலிலும் குளிர்ந்த பகுதியில்தானே அதை வைத்துப் பார்க்க வேண்டும்? அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து அரசு ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய ஷெப்பர்ட் என்பவர் 1960-இல் இதைச் செய்து காட்டினார். நோயாளியிடமிருந்து எடுத்த கிருமிகளில் 5,000 முதல் 10,000 வரை எண்ணி, சுண்டெலியின் பின்னங்கால் பாதத்தில் ஊசியால் செலுத்தினார். பிறகு மாதக்கணக்கில் காத்திருந்தார். ஆறு மாதங்கள் அளவில் பாதத்துச் சதையை அரைத்து, சாயமேற்றி, நுண்பெருக்கியின் கீழ் வைத்து எண்ணிப் பார்த்தார். சிவந்த சிறு குச்சிகளாகத் தெரிந்த கிருமிகள் ஏறத்தாழ 10 லட்சமாகப் பெருகியிருந்தன.

முதன்முறையாகத் தொழுநோய்க் கிருமி மனித உடலுக்கு வெளியே திட்டமாகப் பெருகியது. இன்று நோயாளிகளுக்குத் தரப்படும் மருந்துகளின் ஆற்றல் இப்பாதத்தில்தான் அளக்கப்பட்டது.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சியது. 10 லட்சத்தை எட்டியதும் கிருமிகள் பெருகுவது நின்றுவிடுகிறது. ஏன் நிற்கிறது? உணவு தீர்ந்துவிட்டதா? இல்லை, எலியின் உடல் விழித்துக்கொண்டு எதிர்க்கத் தொடங்கிவிட்டது. இதை மெய்ப்பித்தவர் இங்கிலாந்து நாட்டு ரீஸ். நெஞ்சின் மேற்பகுதியில் எலும்புக்குப் பின்னால் தைமஸ் என்னும் சிறு சுரப்பி ஒன்று உண்டு. எலிகளுக்கு அச்சுரப்பியை அகற்றி, கதிர்வீச்சும் கொடுத்து, பின்னர் கிருமியைச் செலுத்தினார். அவ்வெலிகளில் 10 லட்சம் என்னும் எல்லை இல்லை. கிருமி தடையின்றிப் பெருகி உடலின் பிற பகுதிகளுக்கும் பரவியது. இது 1966-இல் வெளிவந்த செய்தி.

காவலரும் ஆணையரும்

தைமஸ் சுரப்பி என்ன செய்கிறது? இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களில் ஒரு வகையினர் அங்கே பயிற்சி பெற்று வெளிவருகின்றனர். அவற்றுக்கு டி அணுக்கள் என்று பெயர். தொழுநோய்க் கிருமி உடலுள் புகுந்ததும், கிருமிகளை விழுங்கும் காவலணுக்கள் அதை விழுங்கிவிடுகின்றன. ஆனால் இக்கிருமி, விழுங்கப்பட்ட பின்னும் சாவதில்லை; காவலணுவின் வயிற்றிலேயே குடியிருந்து பெருகுகிறது. இரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள்கள் அங்கே நுழைந்து அதைத் தீண்டமாட்டா. டி அணுக்கள் வந்து, “உள்ளிருப்பதைக் கொல்” என்று ஆணையிட்டாலன்றிக் காவலணு செயற்படுவதில்லை. ஆணை கிடைத்துவிட்டால் கிருமி அழிகிறது.

மனிதரிடையே இந்நோய் இரு முகம் கொண்டிருப்பதன் காரணம் இதுவே. டி அணுக்கள் வலுவாக வினைபுரியும் ஒருவருக்கு ஓரிரு படைகள் தோன்றும். அவற்றில் கிருமியைத் தேடினாலும் காண்பது அரிது. அவ்வணுக்கள் இக்கிருமியை அடையாளம் காணத் தவறும் ஒருவருக்கோ, உடலெங்கும் கிருமிகள் கோடிக்கணக்கில் பரவும். பின்னவரின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் நிறைய இருக்கும், இருந்தும் பயனில்லை. 1919-இல் ஜப்பானிய மருத்துவர் மிட்சுடா வகுத்த சோதனை இந்த வேற்றுமையைத் தோலிலேயே காட்டியது. கொன்ற கிருமியைத் தோலில் சிறிதளவு செலுத்தினால், எதிர்க்க வல்லவருக்கு மூன்று நான்கு வாரத்தில் ஒரு தடிப்பு எழும். வல்லமை இல்லாதவருக்கு எதுவும் எழாது.

இவ்விருவரையும்விடப் பெருந்தொகையினர் மூன்றாம் வகையினர். நூற்றுக்கு 95 பேருக்கு இக்கிருமி உள்ளே புகுந்தாலும் நோயே வருவதில்லை. அவர்களுடைய டி அணுக்கள் தொடக்கத்திலேயே அதை முடித்துவிடுகின்றன.

எதிர்ப்புச் சக்திக்கு மறுபுறமும் உண்டு என்பதை மறத்தலாகாது. காசநோய் கண்ட கினிப்பன்றியின் தோலில் காசக்கிருமியை மறுமுறை செலுத்தியபோது, அவ்விடம் ஓரிரு நாளில் கன்றிப் புண்ணாகி, விரைவில் ஆறிவிட்டதைக் கோக் 1891-இல் விவரித்தார். கிருமியை விரட்டுவதும் சதையைப் புண்ணாக்குவதும் ஒரே வினைதான். தொழுநோயில் அவ்வினை நரம்புக்குள் நிகழ்கிறது. விரல் மரத்துப்போவதும் மடங்கிப்போவதும் பெரும்பாலும் அதனால்தான். ஆகவே நல்ல தடுப்பூசி என்பது டி அணுக்களைத் தூண்டிவிடுவது மட்டுமன்று; உரிய காலத்தில், உரிய அளவில் தூண்டுவது.

நாம் அறிந்த ஊசியே

இனித் தடுப்பூசிக்கு வருவோம். பிரெஞ்சு அறிஞர்களான கால்மெட், கெரின் இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமி ஒன்றை 1908 முதல் 13 ஆண்டுகள், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து அதன் நஞ்சை இழக்கச் செய்தனர். 1921-இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு அளிக்கப்பட்ட அதுவே பி.சி.ஜி. நம் நாட்டுக்கு வேண்டிய ஊசி மருந்தைச் செய்யும் கூடம் சென்னைக் கிண்டியில் 1948-இல் தொடங்கப்பட்டது. 

தொழுநோயும் காசநோயும் கிருமிக் குலத்தால் உறவினராதலின், ஒன்றுக்கு இட்ட ஊசி மற்றொன்றுக்கும் உதவுமோ என்னும் எண்ணம் எழுந்தது. அர்ஜென்டினாவில் ஃபெர்னாண்டஸ் என்னும் மருத்துவர், மிட்சுடா சோதனையில் தடிப்பு எழாத குழந்தைகளுக்குப் பி.சி.ஜி. கொடுத்துப் பார்த்தார். பின்னர் அவர்களுள் பெரும்பாலோருக்குத் தடிப்பு எழுந்ததை 1939-இல் வெளியிட்டார். சுண்டெலிகளுக்குப் பி.சி.ஜி. கொடுத்துப் பாதத்தில் தொழுநோய்க் கிருமியைச் செலுத்தினால் அது சரியாகப் பெருகுவதில்லை என்பதை 1960-களில் ஷெப்பர்ட் காட்டினார்.

எலி ‘ஆம்’ என்றது. மனிதர் என்ன சொன்னார்கள்? 1960-களில் நான்கு இடங்களில் பெருஞ்சோதனைகள் தொடங்கின. உகாண்டாவில் நோயாளிகளின் உறவினராகிய குழந்தைகளிடையே நூற்றுக்கு 80 அளவில் காப்புக் கிடைத்தது. நியூகினித் தீவில் ஏறத்தாழப் பாதி. பர்மாவில் நூற்றுக்கு 20. காசநோய்க்கென 1968-இல் நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய சோதனையில் தொழுநோய்க்குக் கிடைத்த காப்பு ஏறத்தாழக் கால்பங்கே. ஒரே ஊசி, நான்கு நாடுகளில் நான்கு விடைகள்! மண்ணிலும் நீரிலும் வாழும் இக்குலத்துத் தீங்கற்ற கிருமிகள் ஒவ்வோரிடத்து மக்களையும் முன்னரே ஒவ்வொரு வகையில் பழக்கிவிடுகின்றன. ஊசி அதற்கு மேல் சேர்ப்பது இடத்துக்கு இடம் வேறுபடுகிறது என்பது ஆராய்ச்சியாளர் கூறும் காரணங்களுள் ஒன்று. கூண்டில் வளரும் எலி எல்லா நாட்டிலும் ஒரே வகையானது, மனிதர் அவ்வாறில்லை.

ஆர்மடில்லோவின் கொடை

பி.சி.ஜி.யை விடச் சிறந்ததாக, தொழுநோய்க் கிருமியைக் கொண்டே ஓர் ஊசி செய்யலாகாதா? அதற்குக் கோடானுகோடிக் கிருமிகள் வேண்டும். எலியின் பாதம் அவ்வளவு தராது. நம் நாட்டு அழுங்கைப் போல உடலெங்கும் ஓடுடைய ஆர்மடில்லோ என்னும் அமெரிக்க விலங்கின் உடல் வெப்பம் 32 முதல் 35 பாகை செல்சியஸ். மனித உடலைவிடக் குளிர்ந்தது. 1971-இல் கிர்க்ஹைமர் என்பவரும் ஸ்டார்ஸ் என்னும் பெண் விஞ்ஞானியும் அவ்விலங்குக்குத் தொழுநோய் உண்டாக்கிக் காட்டினர். அதன் கல்லீரலிலும் மண்ணீரலிலும் ஒவ்வொரு கிராமிலும் நூறு கோடிக்கும் மேலாகக் கிருமிகள் கிடைத்தன. உடனே உலக சுகாதார நிறுவனம் 1974-இல் தடுப்பூசி ஆராய்ச்சிக்கெனத் தனித்திட்டம் வகுத்தது.

வெனிசுவேலா நாட்டு மருத்துவர் கான்விட், ஆர்மடில்லோவில் வளர்ந்த கிருமியைக் கொன்று பி.சி.ஜி.யுடன் கலந்து கொடுத்தார். அங்கே நோயாளிகளுடன் பழகிய 29,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த சோதனையின் முடிவு 1992-இல் வந்தது, கலவை, பி.சி.ஜி.யை விடச் சிறந்ததாகத் தெரியவில்லை. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் 1996-இல் வெளியான முடிவும் அதுவே. ஆனால் அங்கே மற்றொன்று தெரிந்தது: பி.சி.ஜி.யை மறுமுறை பெற்றவர்களுக்கு நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

நம் நாட்டு முயற்சிகள்

இந்தியா இதில் பின்தங்கியிருக்கவில்லை என்பதை நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்ளலாம். பம்பாய்ப் பரேலில் இருந்த இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் 1958-இல் ஒரு தொழுநோயாளியிடமிருந்து, குடுவையில் வளரும் மைக்கோபாக்டீரியம் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். அம்மையத்தின் ஆங்கில முதலெழுத்துகளால் ஐ.சி.ஆர்.சி. எனப் பெயர் பெற்ற அக்கிருமியைக் கொண்டு, மருத்துவர் தேவ் தலைமையில் 1979-இல் தடுப்பூசி செய்யப்பட்டது. தில்லியில் பேராசிரியர் தல்வார் குழுவினர், நோய் விளைக்காத பல மைக்கோபாக்டீரியங்களைச் சோதித்து, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தனர். அதற்கு முதலில் ‘டபிள்யூ’ என்னும் எழுத்தே பெயராக இருந்தது; பின்னாளில் நாட்டின் பெயரும் தல்வாரின் பெயரும் விளங்க ‘இண்டிகஸ் பிராணி’ எனப் பெயரிடப்பட்டது.

இவ்வூசிகளை ஒருங்கே ஒப்பிட 1991-இல் மீண்டும் செங்கற்பட்டு மாவட்டமே களமாயிற்று. 1,71,400 பேர் ஊசி பெற முன்வந்தனர். யாருக்கு எந்த ஊசி என்பதைப் போட்டவரும் அறியார், பெற்றவரும் அறியார். ஒரு பிரிவினருக்கு வெறும் உப்புநீர். 1998-இல் வெளியான முடிவு வருமாறு: ஐ.சி.ஆர்.சி. ஊசி நூற்றுக்கு 65.5 காப்பு, கொன்ற தொழுநோய்க் கிருமியும் பி.சி.ஜி.யும் கலந்தது 64, பி.சி.ஜி. மட்டும் 34.1, தில்லி ஊசி 25.7. தில்லி ஊசி, உத்தரப் பிரதேசத்துக் கான்பூர்ப் பகுதியில் நோயாளிகளின் வீட்டாருக்குக் கொடுக்கப்பட்டபோது முதற்கணக்கெடுப்பில் நூற்றுக்கு 60-க்கு மேல் காத்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அக்காப்புத் தேய்ந்தது.

இவ்வளவு நல்ல முடிவுக்குப் பின்னும் நாடெங்கும் ஊசி போடப்படாதது ஏன் என்று கேட்கலாம். 1982-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை இதற்குள் நாடெங்கும் பரவி நோயாளிகளின் தொகையை வெகுவாகக் குறைத்துவிட்டது. 2005-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியாவில் 10,000 பேருக்கு ஒரு நோயாளி என்னும் அளவுக்கும் கீழே வந்தது. கவனமும் பணமும் வேறு பக்கம் திரும்பின. ஆனால் நோய் ஒழியவில்லை. 2022-இல் உலகில் கண்டறியப்பட்ட புதிய நோயாளிகள் ஏறத்தாழ 1,74,000 பேர். அவர்களுள் 1,03,000-க்கு மேற்பட்டோர் நம் நாட்டினர்.

ஆராய்ச்சியும் நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து அறிஞர்கள் கிருமியின் சில புரதக் கூறுகளை மட்டும் கொண்டு லெப்வேக்ஸ் என்னும் ஊசியை உருவாக்கினர். நோய் புகுந்த பின் கொடுத்தாலும், ஆர்மடில்லோவின் நரம்புக் கேட்டை அது தாமதப்படுத்தியதாக 2018-இல் வெளியிட்டனர். அதே சோதனையில், நோய் புகுந்த பின் பி.சி.ஜி. பெற்ற விலங்குகளில் நரம்புக் கேடு விரைந்ததாகத் தோன்றியது. கோக் கண்ட கினிப்பன்றியின் பாடம் இங்கும் ஒலிக்கிறது. புதிய ஊசி சிறு தொகையினரான ஆரோக்கியமான மனிதரிடம் முதற்கட்டச் சோதனையைக் கடந்திருக்கிறது. பொதுப் பயனுக்கு இன்னும் வரவில்லை.

சகோதரிக்கு விடை

முதற் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். தொழுநோய்க்கென்றே எல்லாக் குழந்தைகளுக்கும் போடும் தனி ஊசி இன்று வழக்கில் இல்லை. ஆனால் உங்கள் குழந்தைகளின் இடது மேற்கையைப் பாருங்கள். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி.யின் சிறு தழும்பு இருக்கும். அது காசநோய்க்காகப் போடப்பட்டதாயினும் தொழுநோய்க்கும் ஓரளவு காப்பாக நிற்கிறது. இப்போது பயந்து, நீங்களாக மறுமுறை பி.சி.ஜி. போட்டுக்கொள்ள முற்பட வேண்டாம்.

இன்னொரு காப்பும் உண்டு. நோயாளியுடன் நெருங்கிப் பழகியவர்களுக்கு ரிஃபாம்பிசின் மருந்தை ஒரே ஒரு வேளை கொடுத்தால், முதல் இரண்டு ஆண்டுகளில் நோய் நூற்றுக்கு 57 அளவு குறைகிறது என்று வங்கதேசத்தில் நடந்த ஆய்வு 2008-இல் காட்டியது. குழந்தைப் பருவத்தில் பி.சி.ஜி. பெற்றவர்களுக்கு இவ்விரண்டும் சேர்ந்து ஏறத்தாழ நூற்றுக்கு 80 காப்புத் தந்தன. உலக சுகாதார நிறுவனம் இதனை 2018-இல் பரிந்துரைத்தது. நம் அரசின் திட்டத்திலும் இது உண்டு. அந்த அம்மாளுக்கு மருந்து தரும் மருத்துவமனையிலேயே கேளுங்கள். கர்ப்பிணிகள், மிகச் சிறு குழந்தைகள், காசநோய் அறிகுறி உள்ளவர்கள் ஆகியோருக்கு இதைக் கொடுப்பதில்லை. ஆதலால் மருத்துவர் முடிவு செய்வதே முறை. அந்த அம்மாளின் வீட்டாரையும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். உங்களைவிட அவர்களுக்குத்தான் அது முதலில் வேண்டும்.

இரண்டாம் கேள்வி: அவரை நிறுத்த வேண்டுமா? வேண்டா. இதை இரக்கத்தால் மட்டும் சொல்லவில்லை. சுண்டெலியின் பாதம் அளித்த சான்றின் மேல் சொல்கிறேன். சிகிச்சை தொடங்கிய நோயாளியின் தோலில் கிருமிகள் நெடுங்காலம் கண்ணுக்குத் தெரியும். அவை உயிருள்ளவையா, பிணங்களா என்பதை நுண்பெருக்கி தெளிவாகக் கூறாது. அதைக் கூறியது எலி. ரிஃபாம்பிசின் ஒரே வேளை உட்கொண்ட நோயாளிகளிடமிருந்து சில நாட்களுக்குப் பின் எடுத்த கிருமிகளை எலியின் பாதத்தில் செலுத்தி மாதக்கணக்கில் காத்திருந்தனர். அவை பெருகவில்லை. செத்த கிருமி எப்படிப் பெருகும்? மாத்திரையை விழுங்கத் தொடங்கிய அந்த அம்மாளிடமிருந்து லிஃப்டில் வருவோருக்கோ, அவர் துலக்கிய பாத்திரத்தில் உண்போருக்கோ அஞ்சத்தக்கது ஏதுமில்லை. ஓரிரு படை மட்டும் உடையவர் மருந்துக்கு முன்னரும் பெரிதும் பரப்புபவர் அல்லர். கட்டடத்தில் யாரேனும் அஞ்சத்தக்கவர் உண்டெனின், படையை மறைத்துக்கொண்டு மருந்துண்ணாமல் இருப்பவரே. இன்று இவரை விரட்டினால், நாளை படை கண்ட இன்னொருவர் வாய் திறப்பாரா?

மாதுங்கா, வடாலாப் பக்கம் வாழும் நம்மவர் அக்வர்த் மருத்துவமனையை அறிவர். 1890-இல் அது தொழுநோய் கண்ட ஏழைகளை ஊரிலிருந்து விலக்கி வைக்கும் இடமாகத் தொடங்கியது. அக்காலத்தில் மருந்தில்லை, மதிலே மருந்தாக இருந்தது. தொழுநோயாளரை அடைத்து வைக்க இடந்தந்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் நீக்கப்பட்டது. இந்நோயைக் காரணங்காட்டி மணவிலக்குக் கோரும் பிரிவுகள் 2019-இல் அகற்றப்பட்டன. சட்டம் கைவிட்ட மதிலை நாம் நம் கட்டட வாசலில் எழுப்பலாகாது.

அவருக்குச் செய்யக்கூடியவை சில உண்டு. மருந்து 6 அல்லது 12 மாதம். அரசு மருத்துவமனைகளில் விலையில்லை. மருந்து வாங்கச் செல்லும் நாளில் விடுப்புக் கொடுங்கள். சிறுநீர் செந்நிறமாவதையும், தோல் கருத்துத் தோன்றுவதையும் கண்டு அஞ்சி மருந்தை நிறுத்திவிடாமல் தைரியம் சொல்லுங்கள். முழங்கைக்கு அருகே செல்லும் நரம்பு சுண்டுவிரலுக்கு உணர்வூட்டுவது. அவ்விரல் மரத்திருக்கிறதா என்று கேளுங்கள். மரத்த விரல் சூட்டை அறியாது. கொதிக்கும் பாத்திரத்தைத் துணியின்றித் தொடவிடாதீர்கள். படை திடீரெனச் சிவந்து வீங்கினாலோ, நரம்பு வலித்தாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். அது உடலின் எதிர்ப்பு வினை எல்லை மீறுவதன் அறிகுறி. உடனே கவனித்தால் கை பிழைக்கும்.

வாசகர் அனைவரும் தத்தம் வீட்டிலும் ஒருமுறை பார்த்துக்கொள்க. வெளிறிய அல்லது சிவந்த படை இருந்து, அதில் பஞ்சு தொட்டாலும் உணர்வு தெரியாவிடின் தாமதிக்கலாகாது. தேமல் என்று களிம்பு பூசி மாதங்களைக் கடத்த வேண்டாம்.

சகோதரியே, சொசைட்டிக் கூட்டத்தில் இவ்விதழைப் படித்துக் காட்டுங்கள். வேண்டுமானால் மருத்துவமனையிலிருந்து ஒருவரை வந்து பேச அழையுங்கள். உங்கள் மாமியாருக்கு அவர் அறிந்த ஒன்றையே நினைவூட்டுங்கள். நோயைக் கண்டதும் ஒளிக்காமல் உங்களிடம் வந்து சொன்னவர் அந்த அம்மாள். உங்கள் குழந்தைகள்பால் அவருக்குள்ள அன்புக்கு அதைவிடச் சான்று வேண்டுமோ? அவர் நாளையும் வரட்டும்.